படிக்கட்டை மட்டும் பார்த்தோம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. உன் அப்பாவின் காதையும் என் முழங்காலையும் விசாரிக்காமல் விட்டால், நாங்கள் இருவரும் நலமே. சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவர் குளியலறைக் குழாயையும் ஒழுகவிட்டுப் போயிருக்கிறார். போனில் சொல்லாமல் உன் அலுவலக மின்னஞ்சலுக்கு எழுதுவதற்குக் காரணம், வீட்டில் நீ ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவாய். உன் போனையும் உன்னைவிட உன் வாண்டுதான் அதிகம் படிக்கிறாள்.

நேற்று நீ போனை அவளிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாய் அல்லவா? "பாட்டி, படுத்தா நெஞ்சுக்குள்ள தவளை குதிக்குது. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, மறுபடி ஊசி போடக் கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் மீதியைச் சொல்லியிருக்க மாட்டாள். பள்ளியில் ஓடும்போது கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாளாம், ஆசிரியை பார்த்ததும் ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் நடித்தாளாம். இந்தச் சாமர்த்தியம் உன் வழி வந்தது.

தசை அழற்சி என்று நோய்க்குப் பெயர் சொன்ன நாளிலிருந்து நாம் எல்லோரும் அவள் படியேறுவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். கைப்பிடியைத் தொடாமல் அவள் மாடியேறிய வீடியோவை நீ அனுப்பியபோது, பாதி வியாதி போயிற்று என்று நானும் நினைத்துவிட்டேன். கீழ்வீட்டு ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவரிடம் நேற்றே கேட்டேன். உன் அப்பாவோடு சீட்டாடிக்கொண்டிருந்தவர், கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அப்பா ஜெயிக்க இருந்த ஆட்டம், அவருக்கு அதில் இன்னும் மனத்தாங்கல். "இதயமும் தசைதானேம்மா? ரத்தக் குழாயையும் இந்த நோய் தொடும். வெளியில ஒண்ணுமே தெரியாமலும் இருக்கும். பயமுறுத்தலே, ஒண்ணுமில்லாமலும் போகலாம். ஆனா பாக்காம விடக் கூடாது" என்றார். இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்து, ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டுமாம். அடுத்த மாதம் வரச் சொன்னார்கள் என்று காத்திராதே, இன்றே கூட்டிப் போ. அதுவரை ஓட்டம் வேண்டாம். முகம் ஊதுகிறது என்று ஸ்டீராய்டு மாத்திரையை நீயாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

நான் பயந்து போயிருக்கிறேன் என்று எழுத மாட்டேன். குளியலறைக் குழாய் சொட்டுவதில் ஒரு சொட்டுத் தவறினாலும் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. ஆகவே குழாயைத் துணியால் கட்டிவைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

யார் சொன்னது என்று வாண்டு கேட்பாள். பாட்டிதான் என்று சொல். பழியை நீ ஏற்காதே. ஊசி போடும்போது பிடித்துக்கொள்ள அவளுக்கு உன் கை வேண்டும். என்னோடு பேச மாட்டாள், பேசாமல் இருக்கட்டும். ஆண்டாண்டு காலம் என்மேல் கோபமாக இருக்கும் அளவுக்கு அவளுக்கு ஆயுள் கெட்டியாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசி.

படித்ததும் முதலில் மருத்துவமனைக்குப் பேசு. எனக்குப் பதில் பிறகு எழுதலாம்.

இப்படிக்கு,
வாக்குத் தவறிய உன் அம்மா