சாமி ரூம் சுவத்துக் கண்ணாடி

ஜூன் 4

குருவிக்கு,

சாமி புண்ணியத்துல நீ நல்லா இருப்பே. நான் நல்லா இல்ல, கோவமா இருக்கேன். போன்ல சொல்லலாம்னா, "மீட்டிங்ல இருக்கேன் அத்தை"ன்னு என் வாயை அடைச்சிடுவே. லெட்டரோட வாயை அடைக்க முடியாது பாரு, அதான் பேனாவை எடுத்தேன். இனிமே நீயா போன் பண்ணினாலும் எடுக்கறதா இல்ல.

நீ அனுப்பின புத்தகம் வந்து சேர்ந்தது. மண்ணையும் அஸ்திவாரத்தையும் பத்திப் படிச்சவங்க படிச்சவங்களுக்காக மாசாமாசம் எழுதற புத்தகம், அதுல என் அண்ணன் பொண்ணு பேரு அச்சுல வந்திருக்குன்னு சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சுப் பூ வச்சேன். மாமா காதுல விழற மாதிரி கத்திக் கத்திப் பெருமை பேசினதுல தொண்டை கட்டிப்போச்சு. அத்தோட நிறுத்தியிருக்கலாம். எதிர் வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு, நம்ம பொண்ணு என்ன எழுதியிருக்கான்னு தமிழ்ல சொல்லுங்கன்னு உட்கார வச்சேன்.

நாலாவது பக்கத்துல ஒரு படம். டீச்சர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என் சாமி ரூம் சுவர். விரிசலுக்குப் பக்கத்துல ஸ்கேலை வச்சுப் படம் எடுத்துப் போட்டிருக்கே. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டியா? வீட்டுக்குள்ள மூச்சு விடல, ஊருக்கெல்லாம் தண்டோரா.

டீச்சர் தயங்கித் தயங்கித்தான் படிச்சாங்க. "பழைய, தரக்குறைவான செங்கல் கட்டடம்"னு எழுதியிருக்கியாம். மாமா ராத்திரி பகலா தையல் மெஷின் மிதிச்சுக் கட்டின வீடு அது. "முதியோர் இருவர் வசிக்கின்றனர்"னு எழுதியிருக்கியாம். யாருடி முதியோர்? எனக்கு அம்பத்தாறு. அப்புறம் "லேசான சேதம், பார்வைக்கு மட்டுமே"ன்னு இருக்காம். சாமி ரூம் கதவை நான் தோளால முட்டித்தான் திறக்கறேன். அதுவும் பார்வைக்கு மட்டும்தானா?

எல்லாத்துக்கும் மேல கடைசி வரி. சுவர் நகர்றது நின்னு போச்சு, அதனால பக்கத்து மனையில காரு நிறுத்தறதுக்குத் தோண்டற குழியை இன்னும் ஆழமா தோண்டலாம்னு நீயே எழுதியிருக்கே. அந்தக் குழிக்கு யோசனை சொல்றது உன் ஆபீஸ்தான்னு எனக்குத் தெரியாதா? சம்பளம் குடுக்கறவனுக்கு ஒரு நாக்கு, அத்தைக்கு ஒரு நாக்கா?

பதில் போடு. போட்டாலும் கோவம் போகாது.

இப்படிக்கு,
உன் புத்தகத்துல இருக்கற முதியவர்களில் ஒருத்தி


ஜூன் 11

அன்பு அத்தைக்கு,

ஏழு தடவை போன் பண்ணினேன். எடுக்கலை. சரி, எழுதியே தொலைக்கறேன்.

"லேசான சேதம்"ங்கறது உங்க வீட்டைக் குறை சொல்றது இல்ல. விரிசல் எவ்வளவு அகலம், கதவு எவ்வளவு இறுகுதுன்னு பார்த்து, எங்க வேலையில சேதத்தைப் படிப்படியா பிரிச்சு வச்சிருக்காங்க. உங்க வீடு கீழ்ப் படியில இருக்கு. அதுக்கு நீங்க சந்தோஷப்படணும். பேரு போடாததும் உங்க நல்லதுக்குத்தான். "என் அத்தை வீடு"ன்னு எழுதினா அந்தப் புத்தகத்துல என்னை ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க.

ஆபீஸுக்காகப் பொய் எழுதினேன்னு சொன்னதுதான் எனக்கு ஆறல. நான் உங்க வீட்டுல வளர்ந்தவ. விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டினேன் இல்லையா, மாமா வாராவாரம் அதைப் போட்டோ எடுத்து அனுப்பறார். இத்தனை மாசத்துல ஒண்ணுகூட உடையல. அதை வச்சுத்தான் இன்னும் தோண்டலாம்னு எழுதினேன், யாரு சொல்லியும் இல்ல. மத்த கணக்கெல்லாம் விளக்கினாலும் உங்களுக்குப் புரியாது அத்தை. என்னை நம்புங்க. டீச்சரை நம்பாதீங்க.

குருவி


ஜூன் 17

குருவிக்கு,

புரியாதா? நல்லா இருக்கு. ஸ்லேட்டுல உன் கையைப் பிடிச்சு எழுத வச்சவளுக்குப் புரியாது. படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க.

கண்ணாடி உடையல, கண்ணாடி உடையலன்னு பெருமை பேசறியே, யாரு தயவுல உடையல? நீ பாட்டுக்கு ஒட்டிட்டு, "தொடாதீங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு ரயில் ஏறிட்டே. ஒட்டின அடுத்த மாசமே ஒண்ணு உடைஞ்சு போச்சு. சாமிக்கு முன்னாடி உடைஞ்ச கண்ணாடியை வச்சுக்கிட்டு எவளாவது விளக்கு ஏத்துவாளா? நீ பரண்ல விட்டுட்டுப் போன பாக்கெட்டுலேருந்து புதுசா ஒண்ணு எடுத்து, நீ ஒட்டின மாதிரியே ஒட்டினேன். நீ எழுதியிருந்த நம்பரைக்கூட அப்படியே பார்த்து எழுதினேன். வாயைப் பிளந்துக்கிட்டு இருந்த விரிசலுக்குப் பட்டி பூசி வெள்ளை அடிச்சேன். பாக்கெட்டு தீர்ந்ததும், படத்துக்குச் சட்டம் போடற கடைக்காரர்கிட்ட அளவு குடுத்து வெட்டி வாங்கினேன். அவர் "இதை வச்சு என்னம்மா பண்றீங்க"ன்னு கேட்டப்போ, "எங்க இன்ஜினியர் சுவருக்குக் கட்டுப் போட்டிருக்கா"ன்னு பெருமையா சொன்னேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

முன்னெல்லாம் மாசத்துக்கு ஒண்ணுதான் உடையும். இப்போ வெள்ளிக்கிழமை ஒட்டினா அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள பட்டுனு உடைஞ்சு போயிடுது. மாமா சனிக்கிழமை போட்டோ எடுக்கறதுக்குள்ள மாத்தி, துடைச்சு, பளிச்சுனு வச்சிருப்பேன். குருவியோட சாமானை நாம கெடுத்ததா பேரு வரக் கூடாதுன்னு மாமாகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். இவ்வளவும் செஞ்சதுக்கு "உங்களுக்குப் புரியாது"ன்னு எழுதறே.

தெருவுல குழி மண்ணை ஏத்திட்டுப் போற லாரிச் சத்தத்துல மாமாவுக்குத் தூக்கம் கெடுதுன்னு அவர் கட்டிலை முன் ரூமுலேருந்து எடுத்து, சாமி ரூம் சுவரோட ஒட்டிப் போட்டிருக்கேன். காது கேட்காத மனுஷனுக்குச் சத்தம் எப்படிக் கேட்குதுன்னு கேட்காதே. தரை வழியா வருதாம்.

இதுக்கு மேல எழுதினா நாக்குல சனி வந்து உட்காரும்.

அத்தை


ஜூன் 19

அத்தை,

கோவத்தை அப்புறம் வச்சுக்கலாம். போன் பண்ணிப் பார்த்துட்டேன், நீங்க எடுக்கல. இதைக் கொண்டு வர்றவர் எங்க ஆபீஸ் டிரைவர் அண்ணன். படிச்சு முடிச்சதும் நீங்களும் மாமாவும் அவரோட வண்டியில ஏறுங்க. நாளைக்கு இல்ல. இப்பவே.

அந்தக் கண்ணாடி சுவரைப் பிடிச்சுக்கறதுக்கு ஒட்டினது இல்ல. உடையறதுக்காகவே ஒட்டினது. சுவர் நகர்ந்தா அது தாங்காது, உடையும். உடைஞ்சா எனக்குத் தெரியும். வாரம் ஒண்ணு உடையுதுன்னா குழி உங்க அஸ்திவாரத்துக்கு அடியில இருக்கற மண்ணை இழுத்துக்கிட்டு இருக்கு. நான் போட்டோவைப் பார்த்துப் பார்த்து, இன்னும் தோண்டுங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

குழி வேலையை நிறுத்தியாச்சு. உள்ளே இருந்த ஆட்களை மேல ஏத்தியாச்சு. சாமி படத்தை எடுக்கறேன்னு அந்த ரூமுக்குள்ள போகாதீங்க. மாமாவை எழுப்பிக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. அவரோட மருந்து மட்டும் போதும்.

"தொடாதீங்க"ன்னு சொன்னேனா இல்லையா? ஏன் அத்தை தொட்டீங்க?

குருவி


ஜூலை 8

குருவிக்கு,

டிரைவர் தம்பி என்னைத் தூக்காத குறையா வண்டியில ஏத்தினார். மாமா ஒத்தைச் செருப்போட வந்தார். சாமி படத்தை நான் எடுக்கல. அதுக்கு நானும் சாமியும் பேசிக்கறோம், நீ நடுவுல வராதே.

மறுநாள் மத்தியானம் அந்தச் சுவர் குழிக்குள்ள சரிஞ்சதுன்னு டீச்சர் வந்து சொன்னாங்க. கட்டிலோட தலைமாட்டுல செங்கல் குவியலா கிடக்குதாம். மாமாகிட்ட கத்திச் சொன்னேன். "கட்டில் போச்சா"ன்னு மட்டும் கேட்டார். குழிக்குள்ள ஒரு ஆள்கூட இல்லாம இருந்தது உன்னாலதான்னு டீச்சர் சொன்னாங்க. அதை மறக்க மாட்டேன். உன்னை ஆபீஸ்ல விசாரிக்கறாங்கன்னும் கேள்விப்பட்டேன். தினம் உன் பேரைச் சொல்லித்தான் விளக்கு ஏத்தறேன். ஆனா கோவம் போகல. ரெண்டும் ஒரே வயித்துல இருக்கு, என்ன பண்ண.

முன்னாடி எழுதினது தப்புன்னு அதே புத்தகத்துல போடப் போறதா எழுதி, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்பியிருக்கே, அதுவும் தமிழ்ல. இந்தத் தடவையாவது கேட்டியே. கேட்டதால சொல்றேன்.

"வீட்டில் வசிப்பவர் அறியாமையால் அளவுக் கண்ணாடிகளை மாற்றியதால் முடிவுகள் தவறாயின"ன்னு எழுதியிருக்கே. மூணு தடவை படிச்சேன். அறியாமை யாரோடது? ஏன் தொட்டீங்கன்னு கேட்டியே, இது உடையறதுக்குத்தான் அத்தை, உடைஞ்சா சொல்லுங்கன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அதுக்குக் கீழேயே பாயைப் போட்டு உட்கார்ந்து பார்த்திருப்பேன். புரியாதுன்னு நீயே முடிவு பண்ணிட்டே. "கண்ணாடி எதற்கென்று அந்த வீட்டுக்காரர்களிடம் நான் சொல்லவில்லை"ன்னு முதல்ல எழுது. அதுக்கப்புறம் "அவர்கள் மாற்றிவிட்டார்கள்"னு எழுது. ரெண்டும் நடந்ததுதான். நடந்த வரிசையிலேயே எழுது. உன்னை மாதிரி வேற எவனாவது அதைப் படிப்பான்ல, அடுத்த வீட்டுல கண்ணாடி ஒட்டறதுக்கு முன்னாடி வாயைத் திறப்பான்.

"வீட்டில் வசிப்பவர்"ங்கறதையும் அடி. என் அத்தைன்னு போடு. மதிக்காதவன் மதிக்காம போகட்டும்.

இப்போ இருக்கற வாடகை ரூமுல ஸ்விட்சுக்கு மேல மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடுது. வீட்டுக்காரர் பெயின்ட்தான் உரியுதுங்கறார். சட்டம் போடற கடைக்காரர்கிட்ட ஒரு துண்டு வாங்கி, குறுக்கே நானே ஒட்டியிருக்கேன். தேதியும் போட்டிருக்கேன். மாமாவைக்கூடக் கிட்ட விடறதில்ல. இன்னிக்கு வரைக்கும் உடையல. நான் போட்டோ அனுப்ப மாட்டேன், போனும் எடுக்க மாட்டேன். நான் சொன்ன மாதிரி எழுதி முடிச்சுட்டு, நேர்ல வந்து உன் கண்ணால பார்த்துக்கோ.

அத்தை