கட்டத்தில் எழுதிய தொகை

காங்ஷான்
3 நவம்பர் 1996

ஒசாகா குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் என் தங்கை மெய்-யூவுக்கு,

உன் அண்ணன் ஜின்-ஃபா எழுதுகிறேன். நான் நலம். லாரி என்னைவிட நலம். நீ அந்தச் சாப்பாட்டுப் பெட்டி சமையற்கட்டில் நின்று நின்று கால் வீங்கிக் கிடப்பதாக உன் மகள் ஷு-நிங் சொன்னாள். உப்புத் தண்ணீரில் காலை வை. நான் சொன்னால் நீ எங்கே கேட்கப் போகிறாய்!

இப்போது நல்ல சேதிக்கு வருகிறேன். உட்கார்ந்து படி. உன் மகளுக்கு வேலை முடித்துவிட்டேன்! அந்தப் பழைய தொழிற்சாலையில் நான்கு வருடம் திருகாணி அளவு சரிபார்த்தும் சம்பளம் ஒரு காசு ஏறவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தாளே, இனி அது வேண்டாம். கூ முதலாளியை உனக்கு நினைவிருக்கும். பட்டாளத்தில் கின்மென் தீவில் என்னோடு இருந்தவன். கால் சுளுக்கியபோது அவனை முதுகில் போட்டு மூன்று மைல் நடந்தேன். (ஐந்து மைலாகவும் இருக்கலாம், இருட்டில் யார் அளந்தார்கள்?) அவன் இன்று ஜெர்மன் கார்களுக்குத் திருகாணி அனுப்புகிறான், மெய்-யூ. நாற்பது இயந்திரம்! உள்ளே நுழைந்தால் மார்புக்கூடு தானாக ஆடுகிறது. அவன் அறையில் தேநீர் போடும் மேசை ஒன்று இருக்கிறது, ஒரே கற்பூர மரத்து வேரில் செதுக்கியது, எருமை படுத்துக் கிடப்பது போல. அதன் முன்னால் உட்கார்ந்தால் மந்திரிக்கே பேச்சு வராது. நான் உட்கார்ந்தேன், பேசினேன்.

“ஜின்-ஃபா, உன் வீட்டுப் பிள்ளைன்னா என் வீட்டுப் பிள்ளைதான். படிவத்தை நிரப்பிக் கொடுத்துட்டுப் போ” என்றான்.

என் கையாலேயே நிரப்பினேன். ஏழாம் வகுப்போடு நின்றவன் கையெழுத்தா இது என்று அங்கிருந்த கணக்கர் பெண் வாய் பிளந்தாள். ‘எதிர்பார்க்கும் சம்பளம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா? அதில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் என்ன எழுதுவார்களோ அதைத் தடித்த எழுத்தில் எழுதினேன்: ‘கம்பெனி வழக்கப்படி’. போதாததற்கு வாயாலும் சொன்னேன், “சம்பளம் கிடக்கட்டும் அண்ணே, பிள்ளை நாலு விஷயம் கத்துக்கட்டும்” என்று. கூ தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். அப்படியொரு சந்தோஷம் அவனுக்கு.

21-ம் தேதி வியாழக்கிழமை அவளை நேரில் பார்க்கிறான். சும்மா ஒரு சடங்குதான்.

உனக்காக எதையும் முடித்துக்கொடுக்கும்
அண்ணன் ஜின்-ஃபா


ஒசாகா
11 நவம்பர் 1996

அண்ணாவுக்கு மெய்-யூவின் வணக்கம்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே ஷு-நிங் தொலைபேசியில் கூப்பிட்டாள். அழவில்லை. “அம்மா, மாமா ஏன் அப்படி எழுதினாரு?” என்று மட்டும் கேட்டாள். அதையே உங்களைக் கேட்கிறேன்.

எனக்குப் பதினேழு வயதில் துறைமுகத்துப் பக்கம் ரேடியோ தொழிற்சாலைக்கு நீங்கள்தான் கூட்டிப் போனீர்கள். அன்றும் படிவத்தை நீங்கள்தான் நிரப்பினீர்கள். அதே கட்டம், அதே வார்த்தை. ஆறு வருடம் அந்த முக்காலியில் உட்கார்ந்தேன். என் பக்கத்து முக்காலியில் இருந்த பெண்ணும் அன்றைக்கே சேர்ந்தவள். அவளுக்கு என்னைவிடக் கால் பங்கு அதிகம். ஏன் என்று நான்காவது வருடம்தான் தெரிந்தது. அவள் அப்பா அந்தக் கட்டத்தில் ஒரு தொகையை எழுதியிருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. குத்திக்காட்டச் சொல்லவில்லை அண்ணா. நீங்கள் நல்லது நினைத்துத்தான் செய்தீர்கள்.

ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கூ முதலாளியிடமும் மதிப்பில்லை என்றால் அவள் விசா வாங்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுவதாகச் சொல்கிறாள். என் பக்கத்தில் நின்று சாப்பாட்டுப் பெட்டி கழுவுவாளாம். திருகாணியைக் கையில் உருட்டியே பழுது சொல்லும் பிள்ளை. அவள் இந்தச் சமையற்கட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றுதான் இத்தனை நாள் நான் இங்கே நிற்கிறேன்.

வியாழக்கிழமை அவள் சம்மதித்தால் கூடப் போங்கள். போனால் பேசாதீர்கள். உங்களிடம் நான் கேட்கும் முதல் உதவி இது.

மெய்-யூ


காங்ஷான்
22 நவம்பர் 1996

மெய்-யூ,

இந்தக் கடிதத்தை நேற்றே ஒரு தடவை எழுதிவிட்டேன். அதில் நான் மேசையைக் குத்தினேன், கூ நாற்காலியோடு சாய்ந்தான், தேநீர்க் கிண்ணங்கள் பறந்தன. படித்துப் பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. கிழித்துப் போட்டேன். இதில் உள்ளது நடந்தது மட்டும். பட்டாளத்து நண்பனின் தலைமேல் சத்தியம். (மைல் கணக்குக்கு அந்தச் சத்தியம் பொருந்தாது.)

புறப்படும்போதே உன் மகள் சொல்லிவிட்டாள்: “வாங்க மாமா. ஆனா வாயைத் திறந்தீங்க, நான் பாதியில எழுந்து போயிடுவேன்.” லாரியில் போகும் வழியெல்லாம் என் பற்களை நானே கடித்துப் பழகிக்கொண்டேன்.

கூ முதல் தேநீரை ஊற்றினான். படிவத்தை எடுத்து முன்னால் வைத்தான்.

“உங்க மாமாதான் எல்லாம் எழுதிட்டாரேம்மா. இருபத்து நாலாயிரம். புதுசா வர்ற எல்லாருக்கும் அதான். திங்கட்கிழமை வந்துரு.”

“ஐயா, ஒரு பேனா கிடைக்குமா?”

பேனா வந்தது. நான் எழுதிய வார்த்தைமேல் ஒரே ஒரு கோடு போட்டாள். அளவுகோல் வைத்தாற்போல் நேராக. கீழே ‘முப்பத்து நாலாயிரம்’ என்று எழுதினாள். படிவத்தைத் திருப்பி இரண்டு கையாலும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

“மேல இருக்கறது மாமா மரியாதைக்கு எழுதினது. அது அப்படியே இருக்கட்டும். கீழ இருக்கறது என் வேலைக்கு நான் எழுதினது.”

பிறகு பேசவில்லை, மெய்-யூ! சிரிக்கவும் இல்லை, தலை குனியவும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு கூவின் முகத்தையே பார்த்தாள். உனக்குக் கூவின் பழக்கம் தெரியாது. பதில் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் கெட்டிலிலிருந்து வெந்நீர் ஊற்றத் தொடங்குவான். இரண்டாம் தடவை ஊற்றினான். மூன்றாம் தடவை ஊற்றினான். எதிரே இருப்பவர்கள் தாங்காமல் தாங்களே விலையைக் குறைத்துவிடுவார்கள். லாரி வாடகையில் என்னிடம் இருபது வருடமாக அப்படித்தான் செய்கிறான், நானும் இருபது வருடமாகக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். இதை நேற்றுதான் கண்டுபிடித்தேன்! ‘ரெண்டாயிரம் கம்மி பண்ணிக்கலாம் அண்ணே’ என்பது என் தொண்டைவரை வந்துவிட்டது. கொதிக்கும் தேநீரைக் குடித்து அதை உள்ளே தள்ளினேன். நாக்கு வெந்துவிட்டது. இன்றும் கஞ்சிதான்.

அவள் கிண்ணத்தைத் தொடவே இல்லை. நான்காம் தடவை கெட்டிலைத் தூக்கியவன் அப்படியே கீழே வைத்தான்.

“முப்பத்து நாலா? என் ஃபோர்மேன் பதினைஞ்சு வருஷமா இருக்கான். அவனுக்கே அது கிடையாது, தெரியுமா?”

“அவர் வேலைக்கு என்ன விலைன்னு எனக்குத் தெரியாது ஐயா. என் வேலைக்குத் தெரியும்.”

பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். எட்டுத் திருகாணிகள். கூவின் சரக்கு ஏற்றும்போது என் லாரியில் சிந்திக் கிடந்தவை. எப்போது பொறுக்கினாளோ!

“இது உங்க ஸ்க்ரூ. எட்டுல ஒண்ணு தலைக்குக் கீழ வெடிச்சிருக்கு. கண்ணுக்குத் தெரியாது, நகத்துல மாட்டும். பாருங்க. போன வருஷம் ஜெர்மனியிலேருந்து எத்தனை பெட்டி திரும்பி வந்துச்சு ஐயா?”

கூ அந்த ஒன்றை நகத்தால் தடவினான். மறுபடி தடவினான். அந்தப் பெரிய மேசை திடீரென்று சின்னதாகிவிட்டது போல எனக்கு ஒரு மயக்கம்.

“முப்பத்திரண்டு” என்றான்.

“முப்பத்திரண்டு சரி. ஆனா என் கையெழுத்து இல்லாம ஒரு பெட்டியும் வெளியே போகக் கூடாது. நீங்க சொன்னாலும்.”

“நான் சொன்னாலுமா!”

“நீங்க சொன்னாலும்.”

“உங்க மாமா லாரி வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சாலும்?”

“மாமா லாரின்னா இன்னும் கொஞ்சம் நிதானமாவே பார்ப்பேன்.”

கூ சிரித்தான் பார், அந்தக் கற்பூர மரம் நடுங்கியது. சரி, சரி என்றான். உன் மகள் எழுந்திருக்கவில்லை. “எழுதிக் கொடுத்துடுங்க ஐயா. பழைய இடத்துல எல்லாம் வாயாலதான் சொன்னாங்க” என்றாள். எழுதிக் கொடுத்தான், மெய்-யூ. சம்பளமும் எழுதினான், கையெழுத்து அதிகாரமும் எழுதினான், முத்திரையும் குத்தினான். வாசல்வரை வந்து வழியனுப்பினான். இருபது வருடத்தில் என்னை ஒருநாளும் அவன் வாசல்வரை கொண்டுவந்து விட்டதில்லை.

லாரியில் ஏறியதும் கையை நீட்டினாள். “மாமா, பாருங்க.” விரல் பத்தும் உதறிக்கொண்டிருந்தன. அந்த உதறலை மடிக்குள் பிடித்து வைத்துக்கொண்டுதான் அத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறாள். புயலில் மலைப்பாதையில் லாரி ஓட்டியவன் நான். இப்படியொரு துணிச்சலைப் பார்த்ததில்லை. வண்டியைக் கிளப்பவே கொஞ்ச நேரம் பிடித்தது.

உன் கேள்விக்குப் பதில் சொல்லாமல் முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அந்தக் கட்டத்தில் நான் எழுதியது மரியாதை என்றுதான் இத்தனை வருடம் நினைத்தேன். மரியாதை இல்லை, பயம். உன் படிவத்தை நிரப்பியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. படிவம் வாங்கிய அதிகாரியின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தே நான் பயந்துவிட்டேன். உன் ஆறு வருடத்தை என் பயம் எழுதிக் கொடுத்துவிட்டது. அதைத் திருப்பித் தர என்னிடம் எதுவும் இல்லை. மன்னித்துவிடு என்று எழுத எனக்குத் தெரிகிறது, ஏழாம் வகுப்புக்கு அது போதும்.

அண்ணன்
ஜின்-ஃபா


ஒசாகா
5 டிசம்பர் 1996

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சமையற்கட்டுக்கு எடுத்துப் போனேன். ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு, சோறு வேகும் நேரத்தில் நான்கு தடவை படித்தேன். கூ முதலாளி நகத்தால் தடவிய இடம் வந்ததும் பெருமையில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். நான் பெற்ற பிள்ளைதானா இது?

மத்தியானம் கடைக்கார அம்மாவிடம் போனேன். “பிப்ரவரியில் எங்கள் சந்திரப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போக வேண்டும், பத்து நாள் விடுப்பு வேண்டும்” என்றேன். சொல்லிவிட்டு, உங்கள் கடிதத்தில் ஷு-நிங் செய்தபடி, அப்படியே நின்றேன். அந்த அம்மா நாட்காட்டியைப் புரட்டினார். “போயிட்டு வாங்க. ஒன்பது வருஷமா நீங்க லீவே கேக்கலையே, ஊர்ல யாரும் இல்லையோன்னு நினைச்சேன்” என்றார்.

ஒன்பது வருடம், அண்ணா. ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வருவதற்கு முன் உங்களிடமும் பேசி முடிக்க வேண்டியவை இருக்கின்றன. விருந்து நாளில் நான் தனியாகச் சமைக்க மாட்டேன், நீங்களும் முட்டைக்கோஸ் நறுக்க வேண்டும். விருந்தாளிகள் என்னை ஏதாவது கேட்டால் நான்தான் பதில் சொல்வேன். கின்மென் கதையை எத்தனை மைலுக்கு வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். விமான நிலையத்துக்கு வேறு யாரையும் அனுப்பக் கூடாது, நீங்களே லாரியோடு வர வேண்டும். எனக்குத் தலை நரைத்துவிட்டது. அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விடாதீர்கள்.

சம்மதமா என்று எழுதுங்கள். டிக்கெட் வாங்கிவிடுகிறேன்.

உங்கள் தங்கை
மெய்-யூ