அடைப்பு வீடு

ஜூன் 3, திங்கள்

இன்றைக்கும் வீடு அமையவில்லை. மகன் முத்துராஜுக்குத் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிற வேலை. நரிக்குடிப் பக்கத்திலிருந்து சட்டி பானையோடு தூத்துக்குடிக்கு வந்தாயிற்று. மருமகள் அனுசியாவின் அக்கா வீட்டில் ஒண்டிக் கிடக்கிறோம். காலை நீட்டினால் பிரிட்ஜில் முட்டுகிறது.

வீட்டுக்காரர்கள் வாடகை, தண்ணீர் எல்லாம் நன்றாகத்தான் பேசுகிறார்கள். கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்து வயது கேட்கிறார்கள். பிறகு, “சொல்லி அனுப்புறோம்.”

ஜூன் 5

சௌந்தரபாண்டியன் என்கிற வீட்டுக்காரர் வாய்விட்டே கேட்டுவிட்டார். “தப்பா நெனைக்காதிய. அம்மாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பாடிய இங்க கொண்டாரக் கூடாது. ஆஸ்பத்திரியில இருந்து நேரா ஊருக்குக் கொண்டு போயிரணும்.”

நான் காபி டம்ளரோடு அங்கேயே நிற்கிறேன்! முத்துராஜ் தலையை ஆட்டப் போனான்.

“ஏன்யா, நான் செத்தா உங்க செவுரு இடிஞ்சிருமா?” என்றேன். “ஊருக்கெல்லாம் போக மாட்டேன். என்னைய இங்கனதான் எரிக்கணும்.”

அவர் டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

வழியெல்லாம் முத்துராஜ் புலம்பல். “சரின்னு ஒரு வார்த்தை சொன்னா என்னம்மா? செத்த பெறகு நீயா வந்து பாக்கப்போற?”

பார்ப்பேன்.

ஜூன் 6

எழுதி வைக்கிறேன். என் வீட்டுக்காரர் பால்ச்சாமி செத்த அன்றைக்கு, என் கொழுந்தன் உக்கிரபாண்டி தன் புஞ்சை வழியாகப் பாடை போகக் கூடாது என்று பாதையின் குறுக்கே கருவேல முள்ளை வெட்டிப் போட்டான். வரப்புத் தகராறு. கூடப் பிறந்த அண்ணன் பாடை! ஐப்பசி மழை வேறு. கண்மாய்க்குள் இறங்கிச் சுமந்தார்கள். சேற்றில் யாருக்கோ கால் வழுக்கிப் பாடை சாய்ந்தது. அவர் கை வெளியே வந்து தொங்கியது. கரையில் நின்று பார்த்தேன். ஊரும் பார்த்தது. ஒரு வாய் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் அவனே முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை வழித்துக் குடித்தான். “மனசுல வச்சுக்காதிய மதினி” என்றான்.

வச்சிருக்கேன்டா. மனசுலதான் வச்சிருக்கேன். என் சாம்பல்கூட அந்த ஊருக்கு வராது.

ஜூன் 8, சனி

இன்றைக்குப் பார்த்த வீட்டில் அனுசியா என்ன சொன்னாள் தெரியுமா? “அத்தை விருந்துக்கு வந்திருக்காக. நாளைக்கு ஊருக்குப் போயிருவாக.” நான் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். காது நல்லாத்தான் கேக்குது எனக்கு.

மேலே ஏறிப் போய், “போக மாட்டேன் தாயி. சாகுற வரைக்கும் இவுககூடத்தான்” என்றேன். அந்த வீடும் போயிற்று.

அனுசியா ரோட்டிலேயே அழுதாள். “கொஞ்ச நாளைக்கு நீங்க ஊர்ல இருந்தா என்ன அத்த? உங்க கொழுந்தன் வீட்ல ஒரு வாய் சோறு போட மாட்டாகளா?”

அவன் சோறா? எனக்கா?

நானே வீடு பார்க்கிறேன்.

ஜூன் 10

தனியாகப் போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால் மீன் விற்கிற பெண்களிடம் கேட்டேன். ஒருத்தி சொன்னாள்: “ரெஜினா அக்கா வீடு சும்மாதான் கெடக்கு. ஆனா அது அடைப்பு வீடு ஆச்சி.”

ரெஜினாவுக்குக் கழுத்தில் ஜெபமாலை, குரல் மட்டும் சந்தைக் குரல். “மறைக்க மாட்டேன். குடியிருந்த பெரியவரு சித்திரையில செத்தாரு. நட்சத்திரம் சரியில்லன்னு அவரு ஆளுகளே ரூமப் பூட்டிட்டுப் போயிட்டாவ. எங்களுக்கு அதெல்லாம் கெடையாது. வீடு பாக்க வாரவியதான் தெருவுல கேட்டுட்டு ஓடிருதாவ.”

“செத்தவரைக் கூடத்துல கெடத்துனீகளா?”

“பின்ன? தெருவே வந்து அழுதுச்சே.”

“நான் செத்தாலும் அப்படித்தான் கெடத்தணும். சம்மதமா?”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இப்பமே சாகுத ஆளு மாதிரித் தெரியலயே ஆச்சி” என்று சாவியை நீட்டினாள்.

ஜூன் 11

வீட்டில் சண்டை.

“அடைப்புல செத்தா ஆறு மாசம் அந்த ரூம்பப் பூட்டிப் போடணும் அத்த. ஐப்பசி வரைக்கும் தொறக்கக் கூடாது. மீறுனா அடுத்த சாவு விழும்” என்றாள் அனுசியா.

“விழட்டும். வயசு வரிசைப்படிதான விழும்? நான்தான் முன்னால நிக்கேன்.”

முத்துராஜ் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பனுக்கு இருந்த வாய் இவனுக்கு இல்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரெஜினா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 12

அறையைத் திறந்து கழுவினேன். உப்புக் காற்றில் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. ஒரு விளக்கேற்றி வைத்துச் சொன்னேன்: “ஐயா, நீங்க யாரோ, நான் யாரோ. நீங்களும் இருங்க, நானும் இருக்கேன். பயங்காட்டுற வேலை மட்டும் வேண்டாம். நான் கோவக்காரி.”

நல்ல தூக்கம்.

ஜூன் 23, ஞாயிறு

இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். வேறு எங்கே போவார்கள்? அனுசியா என் அறை வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறாள். சாப்பாட்டைக்கூட நிலைப்படிக்கு வெளியே நின்றுதான் நீட்டுகிறாள்.

நீட்டட்டும். வாங்கித் தின்கிறேன்.

ஆகஸ்ட் 5

மாதா கோயில் திருவிழா. தெருவில் கால் வைக்க இடமில்லை. ரெஜினா பிரியாணி கொடுத்துவிட்டாள். உக்கிரபாண்டி போன் போட்டான். எடுக்கவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

நாலைந்து நாளாகக் காய்ச்சல். எழுத முடியவில்லை. ஒரு நாள் கண்ணே திறக்கவில்லை. டாக்டர் வந்து ஊசி போட்டுப் போனார்.

நேற்று, தூங்குகிறேன் என்று நினைத்து முத்துராஜ் அனுசியாவிடம் கிசுகிசுத்தான். “சித்தப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைப்போமா? எதுக்கும் ஒரு வண்டி பேசி...”

குரல் என் தலைமாட்டிலிருந்து வந்தது. “எதுக்கு வண்டி? அவுக எங்கயும் போக மாட்டாக. இங்கனதான் இருப்பாக. நீங்க போயி எளநி வாங்கிட்டு வாங்க.”

கண்ணை லேசாகத் திறந்து பார்த்தேன். அனுசியா அறைக்குள் என் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். அடைப்பு கழிய இன்னும் நாள் இருக்கிறது. அவளுக்கா தெரியாது?

கண்ணை மூடிக்கொண்டேன்.

இன்று காலை காய்ச்சல் விட்டுவிட்டது. கஞ்சியில் உப்பில்லை என்றேன்.

“வாய் திரும்பிருச்சு” என்று முறைத்துக்கொண்டே உப்பைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள்.

குடித்தேன்.