மாங்குளத்துக்கு அங்கால வெடித்த ரயர்

இஞ்சாருங்கோ,

இப்படித் தொடங்கினால்தான் எனக்குக் கடிதம் வரும். இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்தும் உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. யாரும் கேட்டால் மகளைக் காட்டி, “இவவின்ரை அப்பா” என்றுதான் சொல்லுவேன். இனிமேல் சொன்னால் யார் கோபிக்கப் போகிறார்கள்? ஆனாலும் வாய் வருகுதில்லை.

வீட்டில் எல்லோரும் சுகம். மதுரா உங்களைவிட உயரமாக வருவாள் போலிருக்கிறது. சின்னவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரிக்கும்போது வாயைப் பொத்துகிறான். குளத்துத் தண்ணீர் இந்தச் சிறுபோகத்துக்குக் காணும் என்கிறார்கள். நீங்கள் ஓட்டின அந்த வானும் சுகமாய்த்தான் இருந்தது, போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

உங்கள் அக்கா, என் மச்சாள், என்னோடு கோவம். அதை உங்களுக்குச் சொல்லக்கூடாது என்றுதான் இவ்வளவு நாளும் மறைத்து வைத்திருந்தேன். ஏசுவதுமில்லை, முகத்தைச் சுழிப்பதுமில்லை. கதைப்பதில்லை, அவ்வளவுதான். நீங்கள் போன பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற ஆளில்லாமல் வான் முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டு நின்றது. ஓட்டப் பழகி, ஒருநாள் விடிய நானே ஏறி இருந்தேன். மச்சாள் கிணற்றடியில் நின்று பார்த்தா. “ஆட்டைத் திவசம் கூட முடியேல்லை, அதுக்குள்ள அவன்ரை சீற்றில இருக்கப் போறியோ?” என்று கேட்டா. நான் வானை எடுத்தேன். அதுதான் அவா என்னோடு கடைசியாகக் கதைத்த கதை.

வருசம் திரும்பி அந்தத் திவசம் முடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். திவசமும் முடிந்தது, அவாவின் வாய் திறக்கவில்லை. எல்லாம் மதுராவுக்கு ஊடாகத்தான். “கொம்மாவிட்டைச் சொல்லு, பருப்புக்கு உப்புப் போட்டாச்செண்டு.” நான் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டு நிற்பேன். உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வரவில்லை. அம்மா இல்லாத வீட்டில் உங்களை வளர்த்த மனுசி அவா. அவா என்னை வேண்டாமென்றால் அந்த வீட்டில் நான் யார் என்று, சோறு போடும்போதெல்லாம் ஒரு கேள்வி வந்து நிற்கும்.

ஞாயிறு வவுனியாவில் உங்கள் சித்தியின் மகனுக்கு வீடு குடிபூரல். பஸ்ஸில் போகலாம் என்று நான் சொல்ல, சின்னவன் வானில்தான் வருவேன் என்று அடம்பிடித்தான். மச்சாள் ஒன்றும் சொல்லாமல் வந்து, எனக்கு நேர் பின்னால் ஏறி இருந்தா. முன் சீற்றில் மதுராவும், பின்னால் சின்னவனும் அவாவும். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டோம்.

மாங்குளம் தாண்டியதும் எல்லோரும் தூங்கிப்போனார்கள். நீங்கள் சொல்லுவீர்கள்தானே, அந்தத் துண்டு றோட்டு ஆளைத் தாலாட்டும் என்று. இரண்டு பக்கமும் காடு. தூரத்தில் றோட்டில் தண்ணீர் கிடப்பதுபோல் தெரியும், கிட்டப் போனால் இருக்காது, இன்னும் கொஞ்சம் அங்கால போய்க் கிடக்கும். அந்தத் தண்ணீரைக் கலைத்துப் பிடிக்கப் போகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு மயில் றோட்டைக் கடந்தது. அது கடந்து முடிக்க நெடுநேரம் எடுத்தது போலிருந்தது.

சீற்றில் உங்கள் உடம்பு அமத்திய பள்ளம் இன்னும் இருக்கிறது. எனக்கு அது பெரிது. ஒரு தலையணை வைத்துத்தான் இருக்கிறேன். அன்றைக்குத் தலையணை வழுக்கிப் போய், நான் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே இறங்கிவிட்டேன். கண் திறந்துதான் இருந்தது. ஆனாலும் வானை ஓட்டுவது நானில்லை, நீங்கள் ஓட்ட நான் பக்கத்தில் கச்சான் உடைத்துத் தந்துகொண்டு வருகிறேன் என்று ஒரு நினைப்பு. சத்தியமாய்ச் சொல்கிறேன், உங்களுக்கென்று ஒரு கச்சானை உடைத்தும் வைத்தேன்.

அப்போதுதான் வெடித்தது.

ரயர் வெடிக்கிற சத்தம் ஊரில் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கேட்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மதுரா, “என்னம்மா சத்தம்?” என்று கேட்டாள். சின்னவன் எழும்பவேயில்லை. எனக்குப் பின்னால் இருந்து மச்சாள், “படு பிள்ளை! படு!” என்று கத்தினா. கத்தினது மட்டுமா? தலைவைக்கும் கட்டை எப்போதோ கழன்றுபோன அந்தச் சீற்றுக்கு மேலால் விழுந்து, என் தலையைப் பிடித்து ஸ்ரேறிங்கோடு அமத்தி, தன் உடம்பால் மூடிவிட்டா. ஓட்டுகிற ஆளை!

எனக்கு றோட்டுத் தெரியவில்லை. என் கால் தெரிந்தது, பிறேக் கட்டை தெரிந்தது, கீழே கொட்டின கச்சான் கோது தெரிந்தது. வான் ஒரு பக்கம் சாய்ந்து, தாளம் தப்பி ஆடிக்கொண்டு போனது. மதுராவின் குரல் கிணற்றுக்குள் இருந்து கேட்பதுபோல் கேட்டது. அவாவின் சேலையில் பவுடர் மணத்தது. என் பிடரியில் ஏதோ குத்தி நொந்தது. அது அவாவின் நாடி எலும்பு என்று கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

நீங்கள் ஒருமுறை சொன்ன கதை எனக்கு நினைவிருக்கிறது. சண்டை நடந்து செல் குண்டு விழுகிற காலத்தில் சத்தம் கேட்டதும் அக்கா உங்களைக் கீழே தள்ளி, மேலே விழுந்து படுப்பாவாம். அவாவின் நாடி உங்கள் முதுகில் குத்துமாம். “செல்லை விட அதுதான் நோகும்” என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

வான் ஒரு மதகுக்குக் கிட்டப் போய்த் தானாகவே நின்றது. நான் பிறேக் பிடிக்கவில்லை, ஸ்ரேறிங்கை வெட்டவுமில்லை. அவா அமத்தின அமத்தலில் என் இரண்டு கையும் ஸ்ரேறிங்கோடு ஒட்டிப்போய் இருந்தன, அசைக்க ஏலவில்லை. அதனால்தான் நேரே போனோமா? அவா விட்டிருந்தால் பயத்தில் பிறேக்கை மிதித்து எல்லோரையும் கவிழ்த்திருப்பேனா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மதுரா அழுதுகொண்டே ஏசினாள். “மாமி, ஓடுற ஆளைப் பிடிச்சு அமத்தினால் எல்லாரும் சாகிறதே? ரயர்தான் வெடிச்சது, ரயர்!”

மச்சாள் வெளியே இறங்கி அந்த ரயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தா. நார் நாராய்க் கிழிந்து கிடந்தது. “ரயரே?” என்று மட்டும் கேட்டா. கேட்டது ரயரிடமா எங்களிடமா, தெரியாது.

பக்கத்தில் ஒரு பாலை மரம் நின்றது. ஆனி மாதம், பழம் சொரிந்து கிடந்தது. சின்னவன் எழும்பி வந்து, ஒன்றும் நடக்காதது போல் பொறுக்கித் தின்னத் தொடங்கிவிட்டான். நானும் மச்சாளும் வெடித்த சில்லைக் கழற்றினோம். ஜக்கைச் சுற்றினது நான், கல்லு வைத்தது அவா. நட்டு இறுகிப்போய் இருந்தது. நட்டுச் சாவியின் ஒரு நுனியை நான் பிடிக்க, அவா தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தா. அப்படிப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னா தெரியுமோ?

“மதுரா, கொம்மாவைச் சாவியில மிதிக்கச் சொல்லு.”

“நான் என்ன தபால்காரியே?” என்றாள் மதுரா, வாயெல்லாம் பாலைப்பழப் பால் ஒட்ட.

நான் மிதித்தேன். நட்டு இளகியது. ஆனால் என் மனம் அங்கே இல்லை. அவா அமத்தினது யாரை? அந்தச் சீற்றில், அந்தப் பள்ளத்துக்குள், பின்னால் இருந்து பார்க்கத் தலை மட்டும்தானே தெரிந்திருக்கும்? அரை நித்திரையில் உங்களை என்றுதான் நினைத்திருப்பா. என்னை மூடவில்லை, தன் தம்பியை மூடினா. எனக்கு வந்தது கோபமில்லை. உங்களுக்கு வந்த ஒன்றை நான் தவறுதலாய் வாங்கிவிட்டேன் என்ற மாதிரி ஒரு வெட்கம். பிடரி மட்டும் இன்னும் நொந்துகொண்டிருந்தது. அந்த நோவு எனக்கு வேண்டியும் இருந்தது.

ஸ்பெயார் சில்லைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டோம். அதைப் பற்றி உங்களோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அந்தச் சில்லை எந்தக் காலத்தில் இருந்து வைத்திருந்தனீங்கள்? பார்வைக்கு நல்லாய்த்தான் இருந்தது, கறுத்து மினுங்கிக்கொண்டு. ஓமந்தை தாண்டினதும் அதுவும் வெடித்தது.

இந்த முறை யாரும் கத்தவில்லை. நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, காலை எடுத்துவிட்டு, வான் விரும்பின அளவு ஓடி நிற்கட்டும் என்று விட்டேன். தலையை நிமிர்த்தி வைத்திருந்தேன். முதுகு மட்டும் கூசிக்கொண்டு ஒன்றை எதிர்பார்த்தது. ஒன்றும் வரவில்லை. சரி, அவா இப்போது முழித்திருக்கிறா, ஓட்டுவது தம்பி இல்லையென்று தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். வான் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். மச்சாள் தன் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் ஏறி இருந்தா. கண்ணை இறுக மூடியிருந்தா. கன்னத்தால் கண்ணீர் ஓடியது.

“அம்மா, மாமி மாங்குளத்தில இருந்தே இப்பிடித்தான் வாறா,” என்றான் சின்னவன். “கையை எடுத்தால் அம்மாவைப் பிடிச்சுப்போடுவனாம்.”

நான் மதுராவைப் பார்த்தேன். “மாமியிட்டைக் கேள். முதல் வெடிச்ச நேரம் என்னை அப்பா எண்டு நினைச்சோ பிடிச்சு அமத்தினவா எண்டு.”

“எனக்கு ஏலாது. நீங்களே கேளுங்கோ.”

கேட்டேன். எனக்கு அவாவைக் கூப்பிடவே வாய் பழக்கம் விட்டுப்போயிருந்தது. “மச்சாள், தம்பியெண்டு நினைச்சிட்டியளோ?”

அவா கண்ணைத் திறந்தா. கையை இன்னும் எடுக்கவில்லை. “தம்பியை நான் எப்ப பிள்ளையெண்டு கூப்பிட்டனான்?” என்று கேட்டா. எனக்கு விளங்க நேரமெடுத்தது. உண்மைதான், உங்களை அவா வாழ்நாளில் தம்பி என்றல்லாமல் வேறு ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“அவன் போயிட்டான் எண்டது எனக்குத் தெரியும்,” என்றா. “உன்னைத்தான், பிள்ளை.”

நான் ஸ்ரேறிங்கில் தலையை வைத்து அழுதேன். யாரும் அமத்தவில்லை, நானாகத்தான் வைத்தேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு வாகனமும் வரவில்லை. உலகத்தில் எங்கள் வான் மட்டும் நின்றது போலவும், அதற்குள் நீங்களும் எங்கேயோ ஒரு மூலையில் இருந்து கச்சான் தின்றுகொண்டிருந்தது போலவும் இருந்தது.

பிறகு குடிபூரல் வீட்டில் இருந்து ஒரு சில்லோடு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பால் காய்ச்சி முடிந்து, சனம் பாதி கலைந்துவிட்டது. மச்சாள் என் பக்கத்தில் இருந்து சாப்பிட்டா. “கத்தரிக்காய்க்குப் புளி கூடிப்போச்சு, என்ன பிள்ளை?” என்றா. நான் “ஓம் மச்சாள்” என்றேன். ஏன் இவ்வளவு நாளும் கதைக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதுக்கும் கோவம் வந்துவிடும். அவா உங்கள் அக்கா அல்லவா?

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாலு சில்லுக்கும் புது ரயர் போடாமல் இந்த வானில் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன். உங்கள் அக்காவை இனி எனக்குப் பின்னால் இருத்தவும் மாட்டேன். முன்னுக்கு, பக்கத்தில், பெல்ற் போட்டு இருத்துவேன். அவாவுக்குப் பயந்துதான் என்று வீட்டில் சொல்லுவேன். கதைத்துக்கொண்டு போக ஆள் வேண்டும் என்பதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். எங்கே என்ன வெடித்தாலும் அவாவை நான் தனியே விடமாட்டேன். நீங்கள் அங்கே நிம்மதியாய்ப் படுங்கோ.

உங்கள் மனுசி,
உங்கள் அக்காவுக்கு மச்சாள்