பீரங்கிமேட்டுப் பிடிமண்

தாணே
8 ஜனவரி 2024

அன்புத் தங்கை பேராச்சிக்கு,

அண்ணன் பிரம்மநாயகம் எழுதுவது. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு போனில் நான் பேசினால் வெறும் மூச்சுதான் கேட்கிறது என்று உன் மகள் மாரிசெல்வி சொன்னாள். இனி குரல் திரும்பாது என்று டாக்டரும் கைவிரித்துவிட்டார். அதனால் நமக்கு இனிமேல் கடிதம்தான். ஒரு வசதி, பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நீயும் நானும் யாரை வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம்.

மச்சான் சுடலைக்கண்ணன் இல்லாத முதல் பொங்கல் வருகிறது. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்வி. பீரங்கிமேட்டில் விளக்கு வைக்க மட்டும் தவறாமல் போகிறாயாம். அந்த மேட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். புது ரோட்டுக்காக அதையும் அதன் மேலிருக்கிற கோட்டையையும் இடிக்கப் போகிறார்கள். நான் அதன் சரித்திரத்தை எழுதி, பழைய கட்டடங்களைக் காக்கிற துறைக்கு அனுப்பப் போகிறேன். ரிட்டயர் ஆன கிளார்க்குக்கு வேறென்ன வேலை?

பாவப்பட்ட கோட்டை அது. 1942-ல் ஜப்பான்காரன் கப்பலில் வந்து இறங்கிவிடுவான் என்று பயந்து, தேவ்நார்க் கழிமுகத்தில் அவசரம் அவசரமாகக் கட்டினார்கள். கூரை போட்டு முடிப்பதற்குள் சண்டை வேறு பக்கம் போய்விட்டது. ஒரே ஒரு தடவை பழகிப் பார்க்கச் சுட்டார்கள். பக்கத்து மீன்காரர் வீட்டு ஓடுகள் நொறுங்கியதுதான் கண்ட பலன். 44-ல் பீரங்கிகளைக் கழற்றிக்கொண்டு பட்டாளம் கிளம்பிவிட்டது. ஊரிலிருந்து கட்ட வந்த நம் ஆட்கள்தான் திரும்பிப் போகவில்லை. அவர்களைப் பற்றி உனக்குத் தெரிந்ததை எழுது.

உன் அண்ணன்,
பிரம்மநாயகம்


தேவ்நார்
17 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் குரல் கேட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். மற்றபடி சாப்பிடத்தான் செய்கிறேன், மாரிசெல்வி கோள்மூட்டுவதை நம்ப வேண்டாம்.

கோட்டைக்குச் சிமெண்டு குழைக்க வந்தவர் என் வீட்டுக்காரரின் தாத்தா பிச்சை. மேட்டின் உச்சியில் நிற்கிற தூண், கப்பல் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று அளக்க வெள்ளைக்காரன் கட்டச் சொன்னது. பட்டாளம் போன பிறகு தாத்தா ஊருக்குப் போய், சுடலைமாடன் கோயிலில் பிடிமண் எடுத்து வந்து அந்தத் தூணடியில் புதைத்தார். தூணுக்குச் சுண்ணாம்பு அடித்து, மஞ்சள் குழைத்த மஞ்சணை பூசி, பீடமாக்கினார். சாமியைப் புது இடத்துக்கு அழைத்துவர அதன் காலடியில் ஒரு பிடி மண் வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? கப்பல் தூணைச் சாமி என்று நாங்கள் ஏமாந்துபோகவில்லை அண்ணே. சாமி அந்த மண்ணில் இருக்கிறது.

இவர் எத்தனை கொடைத் திருவிழாவுக்கு அங்கே சாமியாடியிருக்கிறார்! விளக்கு வைக்கும்போது பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரியே இருக்கிறது. எனக்கு இப்போது வேறு போக்கிடம் கிடையாது. அதனால் ஒன்று கேட்கிறேன். கோட்டையைப் பற்றி எல்லாம் எழுதுங்கள், தூணை மட்டும் விட்டுவிடுங்கள். ஆபீசர்கள் கண்ணில் அது பட வேண்டாம்.

தங்கை,
பேராச்சி


தாணே
2 பிப்ரவரி 2024

அன்புத் தங்கைக்கு,

நீ போன தடவை வந்தபோது வாசலில் நட்டுவிட்டுப் போன செம்பருத்தி பூத்திருக்கிறது. தினமும் பூவைப் பறித்துக்கொண்டு போகிறவர்களைத்தான் என்னால் சத்தம் போட்டு விரட்ட முடியவில்லை.

நீ கேட்டதை யோசித்தேன். தூணைச் சொல்லாமல் அந்தக் கோட்டையை எப்படிச் சொல்வது? அங்கே முழுசாக நிற்பதே அது ஒன்றுதான். நடந்ததை நடந்தபடி எழுதினால்தான் துறையில் மதிப்பார்கள், கோட்டையும் தப்பிக்கும். "தூணின் மேலுள்ள சுண்ணாம்பும் மஞ்சணையும் பிற்காலச் சேர்க்கை" என்று ஒரே வரி எழுதியிருக்கிறேன். உண்மைதானே? பிச்சைத் தாத்தா பெயரையும் போட்டிருக்கிறேன். இதனால் உனக்கு ஒரு குறையும் வராது. வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

உன் அண்ணன்,
பிரம்மநாயகம்


தேவ்நார்
11 ஜூன் 2024

அண்ணனுக்கு,

சந்தோஷப்படுங்கள், உங்கள் கோட்டை தப்பித்துவிட்டது. ரோடு வளைந்து போகிறதாம்.

நேற்று மேட்டைச் சுற்றி இரும்பு வேலி போட்டார்கள். தூணில் இருந்த சுண்ணாம்பை மிஷின் வைத்துச் சுரண்டினார்கள். நான் ஓடிப்போய், சரித்திரம் எழுதியவரின் தங்கை என்று சொல்லிக் குறுக்கே நின்றேன். அந்த ஆபீசர் ரொம்ப மரியாதையாக நீங்கள் இங்கிலீஷில் எழுதி அனுப்பியதை எடுத்து, அந்த வரியை வாசித்து இந்தியில் அர்த்தம் சொன்னார். "ஆப்கே பாயி நே ஹீ லிக்கா ஹை" என்றார். உங்கள் அண்ணன்தானே எழுதியிருக்கிறார் என்கிறார். இவர் சாமியாடும்போது பிடிக்கிற வேல்கம்பைச் சாக்கில் சுற்றி என் கையில் கொடுத்து, வெளியே போகச் சொன்னார்கள். தெருவே பார்த்துக்கொண்டு நின்றது.

ரோடு போட்டு இடித்திருந்தால், எவனோ இடித்தான் என்று அழுது தீர்த்திருப்பேன். உங்கள் மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது. கொஞ்ச நாளைக்கு எழுத வேண்டாம்.

பேராச்சி


தேவ்நார்
20 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

நீங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் எழுதக் கை வரவில்லை.

அடுத்த மாதம் கோட்டையைத் திறக்கிறார்களாம், உங்களுக்குத்தான் பொன்னாடை என்று கேள்விப்பட்டேன். எங்களை வேலிக்கு வெளியேதான் நிறுத்துவார்கள். நீங்கள் தூணுக்குப் பக்கத்திலேயே போகலாம். அதனால் கேட்கிறேன். தூணடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துத் தாருங்கள். ஊர்க் கோயிலில் போய் எடுக்கலாம்தான், ஆனால் இவர் நின்று ஆடியது இந்த மண்ணில்தானே. சுனாபட்டியில் இவருடைய சிநேகிதர் கணேசபாண்டியன் தன் பட்டறைக்குப் பின்னால் இடம் தருகிறேன் என்கிறார். அங்கே பீடம் போட்டு, வருகிற வைகாசியில் கொடை நடத்திவிடுவோம். சாமி வந்துவிட்டால் எனக்கு எல்லாம் ஆறிவிடும். உங்கள் மேல் இருக்கிற வருத்தமும்தான்.

தங்கை,
பேராச்சி


தாணே
18 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

திறப்பு விழா நல்லபடியாக நடந்தது. மேடு முழுக்கக் கல் பதித்திருக்கிறார்கள், செருப்பில் ஒரு பொட்டு மண் ஒட்டவில்லை. போர்டில் பிச்சை என்ற பெயர் இங்கிலீஷிலும் மராத்தியிலும் இருக்கிறது. என்னைப் பேசச் சொன்னார்கள். தொண்டையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

நீ கேட்ட மண்ணை இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தூணின் அடியிலிருந்து நானே என் கையால் எடுத்தது. சந்தேகப்படாதே. நல்ல நாள் பார்த்துப் பீடம் போடு.

உன் அண்ணன்,
பிரம்மநாயகம்


தேவ்நார்
5 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பார்சல் வந்தது. மாரிசெல்வி போன ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்துக் கோட்டைக்குள் போய்விட்டு வந்தாள். "எம்மா, தூணச் சுத்திச் சிமெண்டு போட்டு மெழுகிட்டாவ. மண்ணுன்னு சொல்ல ஒரு இணுக்கு இல்ல" என்றாள். அவள் சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். கழிமுகத்து மண் கறுப்பு, சிப்பி கிடக்கும். நீங்கள் அனுப்பியது செம்மண். உள்ளே செம்பருத்தி இலை ஒன்று காய்ந்து கிடந்தது.

ஒரு வரியை விடச் சொன்னதற்கு, நடந்ததை நடந்தபடிதான் எழுத வேண்டும் என்றீர்கள். இப்போது எனக்காக இவ்வளவு பெரிய பொய்யை எழுதியிருக்கிறீர்கள். இதைப் பிப்ரவரியிலேயே செய்திருக்கலாமே அண்ணே.

இந்த மண் சாமிக்கு ஆகாது. வைகாசியில் கொடை இல்லை, கணேசபாண்டியனிடம் சொல்லிவிட்டேன். சாமி அந்தச் சிமெண்டுக்கு அடியிலேயே இருக்கட்டும். ஆனால் மண்ணைக் கொட்ட மனசு வரவில்லை. ஒரு டப்பாவில் போட்டு இவர் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

பொங்கலுக்கு வாருங்கள். உங்களால் பேச முடியாது, எனக்கும் பேச ஒன்றுமில்லை. கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

தங்கை,
பேராச்சி