கரியென்று தேய்த்த தட்டு

இராஜபாளையம்
14.2.1993

அன்பு மகன் அய்யூப்புக்கு அத்தா பீர் மைதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான், உன் அம்மா, உன் மனைவி மாஜிதா மூவரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். ஷார்ஜாவில் உன் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ செய்கிறோம்.

எழுத்தைப் பார்த்து மிரளாதே. இது மாஜிதாவின் கை இல்லை, என் கை. அறிவொளி வகுப்புக்குப் போகிறேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேன். போனது வீணாகவில்லை. ஒரு வாரமாக, அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். கை வலிக்கிறது. ஆனாலும் காகிதத்தை மடித்து வைக்க மனம் வரவில்லை. நானே எழுதினேன் என்று ஹமீதிடம் காட்டியதும் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை உன் ஷார்ஜாவுக்கே கிளம்புகிறான். இதை அவனிடமே ஒட்டிக் கொடுத்துவிடுவேன்.

முன்பு உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்ல மாஜிதா எழுதியவை. அவளை எதிரே உட்காரவைத்துக்கொண்டு அவளைப் பற்றி உனக்கு என்ன சொல்ல முடியும்? இனி அந்தச் சங்கடம் இல்லை.

நீ ஹமீதிடம் கொடுத்துவிட்ட கறி சுடும் கிரில் மிஷின் பத்திரமாக வந்தது. நம் ஊர்க் கரண்டுக்கு அது தாங்குமா, கடை போட்டால் ஓடுமா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாயாமே. ஓடும் என்றால் பெருநாளோடு ஊருக்கு வந்துவிடுவதாகவும், இல்லையென்றால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு முதலாளியிடம் கையெழுத்துப் போட்டுவிடுவதாகவும் சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஆகவே நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பெட்டியைப் பிரித்து மூடியைத் தூக்கியதும் மேலும் கீழும் இரண்டு தட்டும் கருகருவென்று இருந்தன. உன் அம்மா முகம் வாடிவிட்டது. "எம்புள்ள அடுத்தவுக பொங்கித் தின்ன கரிச்சட்டியையா அனுப்புவான்? வழியில எவனோ மாத்திப்புட்டான்" என்றாள். ஹமீதைச் சந்தேகப்படாதே என்று அதட்டினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள், கையை மூடவில்லை. நான் மஃரிபுக்குப் பள்ளிவாசல் போயிருந்த நேரத்தில் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துக் கீழ்த்தட்டைத் தேய்த்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டு பளபளவென்று வெளுத்திருந்தது. "பார்த்தியளா, எம்புட்டுக் கரி!" என்று என்னிடம் பெருமையாகக் காட்டினாள்.

மறுநாள் ஹமீது வந்து பார்த்துத் தலையில் கைவைத்தான். "பெரியம்மா, அந்தக் கருப்புத்தான் இதுக்கு உசுரு. ஒட்டாம இருக்கப் பூசினது. இதைத் தண்ணியில முக்கக்கூடாது, கம்பிக் கரண்டி போடக்கூடாது. சூடு ஆறின பொறவு மெத்துனு துணியால தொடைக்கணும், அம்புட்டுத்தான்" என்றான். உன் அம்மா அடுப்படிக்குப் போனாள். அன்று முழுக்க வெளியே வரவில்லை. தன் கையாலேயே மகன் வரும் வழியை அடைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். இதை உனக்கு எழுத வேண்டாம் என்றும் கெஞ்சினாள். நீ வந்தபின் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடாதே.

மிஷினுக்கு உங்கள் ஊர் பிளக். கால் மூன்றும் சதுரம். நம் சுவரில் நுழையவில்லை. உருண்டைக் கால் பிளக் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். இத்தனை காலம் பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறியவன், இந்த முறை போர்டைப் படித்து ஏறினேன். முதலில் இருக்கும் ஸ்ரீ எனக்கு அப்போது பிடிபடவில்லை. மீதியை வைத்து ஊரைக் கண்டுகொண்டேன். வழியெல்லாம் கடைப் போர்டுகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

தெரு முனை எலெக்ட்ரீசியன் தனுஷ்கோடிதான் பிளக்கை மாற்றிக் கொடுத்தான். "மாமா, விளக்கு வைக்கிற நேரத்துல இதைப் போட்டா தெருவே மங்கிப் போயிரும். பொறவு என்னைய ஏசக்கூடாது" என்றான். அவன் சொன்னது சரி. சாயங்காலம் கரண்டு இளைத்துவிடுகிறது. தட்டு சூடேறிவிட்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரிய நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பகலில் குறையில்லை. கடைக்குத் தனியாகக் கனத்த ஒயர் இழுத்துக் கொடுத்தால் தாங்கும் என்கிறான்.

முதல் நாள் கோழி வைத்தோம். மேல்தட்டில் ஒட்டவில்லை. கீழே வெளுத்த இடத்தில் பிடித்துக்கொண்டது. எடுத்தபோது தோல் அங்கே, கறி இங்கே. உன் அம்மா அழுதேவிட்டாள். மாஜிதா கொல்லைக்குப் போனாள். ஒரு வாழை இலையை அறுத்து வந்தாள். தணலில் வாட்டி, தட்டின் அளவுக்குக் கிழித்து, கீழே விரித்து, அதன்மேல் கறியை வைத்து மூடியை இறக்கினாள்.

மகனே, அந்த மணத்தை எப்படி எழுதுவது? எனக்குத் தெரிந்த எழுத்து போதாது. கறியும் மசாலாவும் இலையும் சேர்ந்து தெரு முழுக்க மணத்தது. மில் ஷிப்ட் முடிந்து போன ஆட்கள் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். கறி ஒட்டாமல், பூப்போல வந்தது. தனுஷ்கோடி இலையையும் வழித்துத் தின்றுவிட்டு, "மாமி தேய்ச்சதும் நல்லதாப் போச்சு. இல்லைனா இந்த ருசி எவனுக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்றான். பல நாளைக்குப் பின் உன் அம்மா சிரித்தாள். "ஏலே, இன்னொரு துண்டு தின்னுட்டுப் போ" என்று அவன் தட்டில் அவளே வைத்தாள்.

அப்போது அவன் சும்மா கேட்டான், கடைக்கு என்ன பேர் வைக்கப் போறிய என்று. நானும் உன் அம்மாவும் அதை யோசித்திருக்கவில்லை. மாஜிதா உள்ளிருந்து, "அய்யூப் இலைக்கறிக் கடை" என்றாள். சொன்ன பிறகுதான் தான் பேசியதே அவளுக்குத் தெரிந்ததுபோல, கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். இலை வைத்துச் சுட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை, இலைக்கறி என்பது அப்போது தோன்றியதாக இருக்கும். உன் பேரை மட்டும் அவள் வெகுகாலமாக எடுத்து வைத்திருந்தாள் என்று எனக்குப் பட்டது.

அன்றிலிருந்து மிஷினை அவள் யாரையும் தொட விடுவதில்லை. பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறும் வரை காத்திருந்து, உன் பழைய பனியனைக் கிழித்துத் துடைக்கிறாள். நெய் வடிந்து சேரும் சின்னத் தட்டை மட்டும் கழற்றித் தனியாகக் கழுவுகிறாள். பிறகு உன் கைலியால் மூடி வைக்கிறாள். ஆனால் உனக்கு அவள் எழுதும் கடிதத்தில், இங்கே ஒரு குறையும் இல்லை, இரண்டு வருஷம் இருந்தே வாருங்கள் என்றுதான் எழுதுவாள். நம்பாதே.

எனக்குப் பாடம் சொல்லும் கிருபாபாய் டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் அவருடைய அண்ணன் கடை பூட்டிக் கிடக்கிறதாம். உங்களுக்கென்றால் தருவார் என்று டீச்சர் சொல்கிறார். நீ வந்து பார்த்து முடிவு செய்.

புதுத் தட்டு வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று அங்கே தங்கிவிடாதே. கொல்லையில் வாழை இருக்கிறது. கையை வீசிக்கொண்டு வா.

இன்னும் ஒன்று. இந்த வயது வரை நான் கைநாட்டு. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் விரலை அமுக்கிவிட்டு மறந்துவிடுவேன். போன மாதம்தான் முதல்முதலாக ஒரு காகிதத்தில் என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதி முடித்ததும், ஏதோ என்னையே அந்தக் காகிதத்தில் வைத்துவிட்டு எழுந்ததுபோல இருந்தது. கையெழுத்து அவ்வளவு கனம், மகனே. உன் முதலாளி காகிதத்தை நீட்டும்போது அத்தாவை நினைத்துக்கொள். மிஷின் ஓடுகிறது. பேனாவை மூடிவிடு.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பான். கீழே இருப்பது நானே போட்டது.

இப்படிக்கு,
உன் அத்தா
பீர் மைதீன்