அன்று எழவிடாத கை

சேலம்
6.12.2024

அன்புள்ள பாவாயிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். தொண்டையில் ஆபரேஷன் செய்ததில் குரல் போய்விட்டது. அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். மகள் ஷெர்லின் வீட்டில் இருக்கிறேன். வியாதி திரும்பி வந்துவிட்டது, பொங்கல் வரை தாங்குவேனோ தெரியாது. ஒரு தடவை வந்து முகம் காட்டிவிட்டுப் போ. என் மேஸ்திரி வேலைக்கு உன் பேரைத்தான் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா,
லூர்துசெல்வி

மஞ்சக்குட்டை
15.12.2024

லூர்தக்காவுக்குப் பாவாயி எழுதிக்கொண்டது.

கஞ்சியாவது இறங்குகிறதா அக்கா? கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. ஆனால் எனக்கு எதுவும் மறக்காது. என் வீட்டுக்காரர் சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்கும்போது மலைத்தேனீ கலைந்து அவரை மொய்த்தது. கீழே காப்பிப்பழம் பறித்த எங்களைச் சாக்குக்கடியில் படுக்க வைத்தீர்கள். நீங்கள் சத்தம்கூடப் போடவில்லை. "யாரும் அசையாதீங்க சாமி, நானிருக்கறனில்ல" என்றீர்கள். அவர் "பாவாயி, பாவாயி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எழப் போனேன். என்னைப் பிடித்து அழுத்தி, எழவே விடவில்லை நீங்கள். பிறகு அவர் கூப்பிடவில்லை.

அவருக்குக் கருமாதி நடந்த வாரமே எங்களைக் காப்பாற்றியதற்கென்று எஸ்டேட்டில் உங்களுக்குச் சால்வை போட்டார்கள். அதைப் போர்த்திக்கொண்டுதான் சர்ச்சுக்குப் போனீர்கள்.

பாவாயி

சேலம்
22.12.2024

அன்புள்ள பாவாயி,

அவர் கூப்பிட்டது எனக்கும் கேட்டது. நீ எழுந்து ஓடியிருந்தால் மற்றவர்களும் ஓடியிருப்பார்கள், ஒருத்தியும் மிஞ்சியிருக்க மாட்டாள் என்றுதான் பிடித்தேன். செய்தது சரியா என்று ஃபாதரிடம்கூடக் கேட்டதில்லை. உன் வாயால் கேட்க வேண்டும். வருவாயா கண்ணு?

லூர்துசெல்வி

மஞ்சக்குட்டை
4.1.2025

லூர்தக்காவுக்கு,

மேஸ்திரி வேலையை எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. "லூர்தக்கா மெதுவாச் சொன்னாவே செய்வோமுங்க, நீங்க கத்துனா காதுதான் வலிக்குது" என்று பெண்கள் சிரித்தார்கள்.

நேற்று தோட்டத்துக்குள் ஒற்றைக் காட்டெருமை வந்துவிட்டது. நந்தினியின் குழந்தை அந்தப் பக்கம் தூளியில் தூங்குகிறது. நடுவில் எருமை. யாராவது ஓடினால் மிரண்டு தூளிப்பக்கம் பாய்ந்துவிடும். எனக்குக் கத்தத் தோன்றவில்லை. "அப்படியே நில்லுங்க சாமி" என்று மட்டும் சொன்னேன், நின்றார்கள். நந்தினி மட்டும் "ஐயோ உடுங்க, என் புள்ள அங்க இருக்குதுங்க" என்று திமிறினாள். இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டேன். கையைக் கடித்தாள், விடவில்லை. எருமை மேய்ந்துகொண்டே ஓடைக்கு இறங்கிப் போயிற்று.

குழந்தை முழிக்கக்கூட இல்லை. ஆனாலும் நந்தினி இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம், செய்தது சரியா என்று அவளிடம் கேட்கவும் மாட்டேன்.

நீங்கள் செய்தது சரிதான் அக்கா. என் வாயால் கேட்க ஆசைப்பட்டீர்கள், கையால் எழுதிவிட்டேன். ஷெர்லின் படித்துக் காட்டட்டும்.

ஆனால் நான் வர மாட்டேன். சரியாகச் செய்த உங்களைத் திட்டவும் முடியாது, அவர் கூப்பிட்டதை மறக்கவும் முடியாது. நீங்கள் தப்புச் செய்திருந்தால் என்றைக்கோ வந்து, வாசலில் நின்று திட்டித் தீர்த்து, உங்கள் மடியிலேயே அழுதுவிட்டுப் போயிருப்பேன்.

பாவாயி